கூலி ஏறியதா? கிலோக் கணக்கைக் கேளுங்கள்!

(மூவார் வட்டாரச் சங்க உறுப்பினர் கூட்டத்தில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



2013-ல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி. 2022-ல் 1,500 ஆயிற்று. 2025 பிப்ரவரியில் 1,700 ஆயிற்று. “கூலி ஏறிவிட்டது, உற்பத்தி ஏறவில்லையே!” என்ற பேச்சும் கூடவே ஏறிவிட்டது. இது உண்மையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் மாதம் 500 கிலோ ரப்பர் எடுக்கிறார். சம்பளம் 1,500 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு விழும் கூலி 3 வெள்ளி. சம்பளம் 1,700 ஆகிறது. நிரையில் மரம் கூட்டுகிறார்கள். பட்டையில் மருந்தும் பூசுகிறார்கள். அவர் 680 கிலோ எடுக்கிறார். இப்போது கிலோவுக்கு இரண்டரை வெள்ளிதான்! நம் சம்பளம் 200 வெள்ளி ஏறியது. முதலாளியின் கிலோச் செலவோ 50 காசு இறங்கியது. இவ்விரண்டும் ஒரே மாதத்தில் நடக்கலாம் தோழர்களே.

மறுபுறமும் பாருங்கள். இலையுதிர் காலம் வருகிறது. அதே 1,700 வெள்ளிக்கு 340 கிலோதான். கிலோச் செலவு 5 வெள்ளி! தொழிலாளி சோம்பேறியாகிவிட்டானா? இல்லை, மரம் இலை உதிர்த்தது, அவ்வளவுதான். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தந்த ஆர்.ஆர்.ஐ.எம். 600 மரம், பழைய விதைக்கன்று மரத்தைவிட இரு மடங்குக்கு மேல் பால் தந்தது. வெட்டிய கை அதே கை. உளியும் அதே உளி. ஆகவே உற்பத்தித் திறன் என்பது கையில் மட்டும் இல்லை. மரத்திலும், மழையிலும், முதலாளி போடும் முதலிலும் இருக்கிறது.

என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், ஒரு மழை மாதம், “ஆள் ஒன்றுக்கு உற்பத்தி குறைவு” என்று என் கையாலேயே எழுதினேன். மழை நாட்களை எழுத அந்தத் தாளில் கட்டமே இல்லை. நானும் கேட்கவில்லை. அந்தத் தாளைக் காட்டித்தான் மறுமாதம் மரம் கூட்டினார்கள். பெரட்டுக் களத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசிற்று.

இனி நாட்டைப் பார்ப்போம். பேங்க் நெகாரா தனது 2018 ஆண்டறிக்கையோடு ஓர் ஆய்வு வெளியிட்டது. 1,000 டாலர் பெறுமான உற்பத்திக்கு மலேசியத் தொழிலாளி பெறுவது 340 டாலர். ஒப்பிட்ட முன்னேறிய நாடுகளிலோ 510 டாலர். திறன் வேறுபாட்டைக் கழித்த பின்னும் இந்த நிலை! 2025-க்குள் நாட்டு வருமானத்தில் உழைப்பாளர் பங்கு 40 விழுக்காடு ஆக வேண்டும் என்று பன்னிரண்டாம் மலேசியத் திட்டம் குறி வைத்தது. 2023-ல் அது 33 விழுக்காடு அளவில்தான் நின்றது.

உற்பத்தி பெருகுவதை நாம் எதிர்க்கவில்லை. தோட்டம் நட்டப்பட்டு மூடினால் நமக்கும் அடுப்பு எரியாது. பெருகியதில் நம் பங்கு எங்கே என்றுதான் கேட்கிறோம்.

தோழர்களே! ஆளுக்கொரு நோட்டு வாங்குங்கள். எத்தனை மரம், எத்தனை கிலோ, எத்தனை மழை நாள் என்று மூன்றையும் தினம் எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். பக்கத்து நிரையில் வெட்டும் அயல்நாட்டுத் தோழருக்கும் சொல்லிக் கொடுங்கள். கிராணிமார்களே, மழை நாளுக்கு ஒரு கட்டம் போடுங்கள். அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் அவர்கள் கணக்கை வைக்கும்போது, நம் கணக்கும் அங்கே இருக்க வேண்டும்.