‘எனக்குப் பட்டது’ என்று எழுதினால் எத்தனை மதிப்பெண்?

(மாணவர் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நீங்கள் கொடுத்த நோட்டுகளை முழுசாக வாசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். மொத்தம் பதினொன்று. கதையும் கவிதையும் வாசித்து, உங்களுக்கு என்ன பட்டதோ அதை எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். ஏழு நோட்டுகளில் உங்களில் ஒருவரும் எனக்குத் தென்படவில்லை. கைடுதான் தென்பட்டது. ‘சமுதாய அவலத்தைத் தோலுரித்துக் காட்டுகிறார்’, ‘மனிதநேயம் மிளிர்கிறது’. இந்த வாக்கியங்களைக் கதையைப் படிக்காமலே எழுதலாம். எழுதியும் இருக்கீங்க. உங்களைக் குத்தம் சொல்லல. பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை இதற்குத்தான் மார்க் போட்டார்கள். தேர்வுத்தாள் என்பது ஒரு படிவம். படிவங்களோடுதான் எனக்குப் பிழைப்பு, அதனால் தெரியும்: கட்டத்துக்கு வெளியே எழுதினால் கவுண்டரிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

மீதி நாலு நோட்டைப் பற்றித்தான் பேசணும்.

ஒரு மாணவி புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ பற்றி எழுதியிருக்கிறார். 1934-இல் மணிக்கொடியில் வந்த கதை. மில்லில் வேலை செய்யும் அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குக் கஞ்சி காய்ச்சக் காசில்லாமல் இருட்டுச் சந்துக்குள் ஒருத்தனோடு போய் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். முடிவில் ஆசிரியர் கற்பு கற்பு என்று கதைப்பவர்களைப் பார்த்து நேராகப் பேசிவிட்டுக் கதையை நிறுத்துகிறார். தமிழ்ச் சிறுகதையில் இதற்கு இணையான அடி இல்லை என்று நாமெல்லாம் பேசி வந்த இடம் அது. இந்தப் பெண் என்ன எழுதுகிறார் தெரியுமா? ‘கடைசி வரியில அவரு எங்கிட்ட பேசல. கற்பு பேசுறவங்ககிட்ட பேசுறாரு. அம்மாளுவும் நானும் நடுவுல நிக்கிறோம். எங்களக் காட்டி அவங்களத் திட்டுறாரு.’

மூணு தடவை வாசித்தேன். பிரதிக்குள் இருக்கும் வாசகர், உள்ளுறை வாசகர் என்று கோட்பாட்டுக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுவது இதைத்தான். ஒரு கதை யாரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு பேசுகிறது, யாரைச் சாட்சியாக மட்டும் நிறுத்துகிறது என்ற கேள்வி. குடிசையில் பிறந்த பெண்ணுக்கு அந்தக் கேள்வி கோட்பாடு படித்து வரவில்லை. தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தாள், வந்துவிட்டது. இதே கருத்தைக் கல்லூரிக் கட்டுரையில் எழுதியபோது ‘தலைப்புக்குத் தொடர்பற்றது’ என்று சிவப்பு மையில் குறிப்பு வந்ததாம். அந்தச் சிவப்பு மையைத்தான் நாம் எதிர்க்க வேண்டியிருக்கிறது. புதுமைப்பித்தன் இதனால் சின்ன ஆளாகிவிடவில்லை. அவர் யாரிடம் பேசினார் என்பது இப்போது நமக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இன்னொரு நோட்டு ‘துன்பக்கேணி’ பற்றியது. வாசவன்பட்டிச் சேரியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போகும் மருதியின் கதை. 1935-இல் எழுதப்பட்டது. மருதி தோட்டத்தில் பட்ட பாட்டைப் பற்றி நோட்டில் ஒரு வரி இல்லை. அந்தத் தம்பி எழுதியிருப்பது வகுப்பறையைப் பற்றி: ‘சார் சாதிப் பேரைச் சத்தமா வாசிச்சப்ப முன் பெஞ்சுல மூணு பேரு திரும்பி என்னப் பாத்தாங்க. அதுக்கப்புறம் கதை எனக்குக் கேக்கல.’

இது கதைக்கு எதிர்வினையா, இல்லையா? நான் ஆம் என்கிறேன். கதை அச்சில் மட்டும் இருப்பதில்லை. யார் வாயால் வாசிக்கப்படுகிறது, கேட்கிறவர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்பதும் அதன் பொருளில் சேர்ந்துவிடுகிறது.

2014-இல் சென்னைப் பல்கலைக்கழகம் இந்த இரண்டு கதைகளையும் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. தலித்துகளைத் தாழ்வாகச் சித்திரிக்கின்றன என்பது சொல்லப்பட்ட காரணம். உடனே ஒரு பக்கம் படைப்புச் சுதந்திரம் என்றார்கள், இலக்கியம் வாசிக்கத் தெரியாதவர்கள் என்று ஏளனமும் செய்தார்கள். புகார் சொன்னவர்களை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த மூணு பேர் திரும்பிப் பார்த்த பார்வையை வாங்காதவர்களுக்கு ஏளனம் சுலபம். ஆனால் கதையை எடுத்ததால் என்ன நடந்தது? திரும்பிப் பார்த்தவன் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். சத்தமாக வாசித்தவர் வேறு கதையை வாசிக்கிறார். இந்தத் தம்பி எழுதிய ஒன்றரைப் பக்கம் மட்டும் எழுதப்படாமல் போகும். கதை பாடமாக இருக்கட்டும், இந்த ஒன்றரைப் பக்கமும் அதே வகுப்பில் சத்தமாக வாசிக்கப்படட்டும் என்று கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை.

2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திலிருந்து மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’யையும், பாமா, சுகிர்தராணி எழுத்துகளையும் எடுத்தது. அது வேறு வகை. அங்கே அம்மாளுவே பேனாவைப் பிடித்து எழுதியதை எடுத்தார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘எல்லாம் தடைதான்’ என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஒன்று காயம் பட்டவர்கள் சொன்னதால் போனது, மற்றொன்று காயத்தைச் சொன்னதால் போனது.

‘நான்’ என்று எழுதினால் ஆய்வாகாது என்று உங்கள் துறையில் சொல்வார்கள். அண்ணல் அம்பேத்கர் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், புள்ளிவிவரம் தெரியாதவர் இல்லை. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சிறு நூலில் அவர் எழுதுவது, 1901-இல் சிறுவனாக மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியதும், மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மாறியதும், வழியெல்லாம் தண்ணீர் கிடைக்காததும். தீண்டாமையை அறியாத அயல்நாட்டாருக்கு விளக்க அவர் தேர்ந்த வழி இது. அனுபவமே அங்கே வாதம்.

அதற்காக ‘படிச்சேன், அழுதேன்’ என்று முடித்துவிடாதீர்கள். நாலாவது நோட்டு அப்படித்தான் இருக்கிறது. அழுதது எந்த வரியில்? அதற்கு முந்தின வரியில் ஏன் அழுகை வரல? அந்த வரியைக் கண்டுபிடிச்சு, அதுமேல கைய வைங்க. அழுகை வரவேண்டிய இடத்தில் எரிச்சல் வந்திருந்தால் அதை எழுதுங்கள், அதுதான் இன்னும் உபயோகமானது.

நம்ம எழுத்துக்கும் இதே அளவுகோல்தான். மூன்றாவது நோட்டுக்காரர் ஒரு தலித் கவிதையை வாசித்துவிட்டு எழுதுகிறார்: ‘இதுல வர்ற பொம்பள எங்க அத்தை மாதிரி இல்ல. எங்க அத்தை சிரிக்கும். களத்துமேட்டுல ஆண்டைய மாதிரி நடந்து காட்டும்.’ சரியான அடி. ரத்தம், சவுக்கு, மலம் என்று அடுக்கினால் தலித் கவிதை ஆகிவிடும் என்ற ஒரு வாய்ப்பாடு உருவாகியிருக்கிறது. அத்தையின் சிரிப்பு அதில் எங்கே போச்சு? பாமாவின் ‘கிசும்புக்காரன்’ கதைகளில் அந்தச் சிரிப்பு இருக்கிறது. அதிகாரத்தை நக்கலாலேயே உட்கார வைக்கும் சனங்கள் அதில் வருகிறார்கள். தலித் எழுத்தாச்சே, விமர்சிக்கலாமா என்று தயங்க வேண்டாம். என் கவிதையாக இருந்தாலும் எழுதுங்கள். வெளியே வந்து தோளில் கைபோட்டு டீ குடிப்போம், அது தனி.

அடுத்த மாதத்துக்கு இமையத்தின் ‘பெத்தவன்’. கொஞ்சம் நீளமான கதை, ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். மகளைக் கொல்லச் சொல்லி ஊர் நெருக்குகிறது, அப்பன் அவளைத் தப்ப வைக்கிறான். வாசிக்கும்போது அந்த அப்பனோடு எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று பாருங்கள். அவள் விரும்பும் காலனிப் பையன் எத்தனை பக்கத்தில் வருகிறான், அவனுடைய அப்பன் அம்மா எங்கே இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். கைடு வேண்டாம். முதல் பக்கத்தில் பேர் எழுத விருப்பமில்லை என்றால் எழுத வேண்டாம். பேனாவால் எழுதுங்கள், பென்சில் எழுத்து அச்சுக்கோக்கக் கொடுக்கும்போது தெரிய மாட்டேங்குது. இந்த நாலு நோட்டிலிருந்து மூன்றை, எழுதியவர்கள் சம்மதித்தால், அடுத்த இதழில் ஒரு எழுத்துகூட மாற்றாமல் போடுவதாக ஆசிரியர் குழு சொல்லியிருக்கிறது.