கடல் எதுவரை வந்தது? புவியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு நம் ஊரிலேயே ஒரு வேலை

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்டால் இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று பதில் உடனே வரும். பி.எஸ்சி. புவியியல் என்று சொல்லும் பெற்றோர் மட்டும் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்கிறார்கள். “கிடைச்சது அதுதான் சார்” என்று கூடவே ஒரு சமாதானமும் வரும். அந்தப் பெற்றோருக்காகவும் பிள்ளைகளுக்காகவும்தான் இன்று பேச வந்தேன். மற்றவர்களும் கேளுங்கள். கடைசியில் உங்களிடமும் ஒன்று கேட்கப்போகிறேன்.

இந்தப் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்பது, “இன்டர்ன்ஷிப் எங்கே கிடைக்கும்?” என்பதுதான். இடங்கள் இருக்கின்றன. ஹைதராபாத்தில் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம், பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் என்று சொல்லலாம். ஆனால் இங்கெல்லாம் நாடு முழுவதிலுமிருந்து முதுகலை மாணவர்களும் வந்து நிற்பார்கள். நம் பிள்ளையின் விண்ணப்பத்தில் மதிப்பெண் இருக்கும். “இதுவரை நீ என்ன செய்திருக்கிறாய்” என்ற இடம் காலியாக இருக்கும். அந்த இடத்தை நிரப்ப டெல்லிக்குப் போக வேண்டியதில்லை.

பழைய கதை ஒன்று சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர். அவர் தம் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, சொந்த ஊருக்குப் போய் நிலம், கடன், கூலி, வீடு எல்லாவற்றையும் விசாரித்து எழுதிவரச் சொன்னார். அது 1918-இல் புத்தகமாக வந்தது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தூசி கிராமமும் அதில் உண்டு. 1936-37-இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களுக்கு மறுபடி போய்ப் பார்த்தார்கள். இருபது வருடத்தில் என்ன மாறியது என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், முதலில் போன மாணவர்கள் ஒழுங்காக எழுதிவைத்ததுதான். பாடம் பொருளாதாரம், வேலை நம் புவியியல் வேலை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். தெற்கே சில கிலோமீட்டரில் பாலாற்று முகத்துவாரம். வருடத்தில் பெரும்பகுதி மணல் திட்டு அதை அடைத்திருக்கும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தால் உடையும். எப்போது உடைகிறது, எங்கே உடைகிறது, எத்தனை நாளில் மூடுகிறது? வாயலூரில் தடுப்பணை வந்த பிறகு இதில் மாற்றம் உண்டா? லேண்ட்சாட் படங்கள் 1972-லிருந்து இருக்கின்றன, இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை பத்து மீட்டர் துல்லியத்தில் படம் தருகிறது, அதுவும் இலவசம். க்யூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளுக்கும் காசு இல்லை. டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் ஆன்லைனில் கட்டணமில்லாமல் பாடம் நடத்துகிறது. ஒரு வேடிக்கை என்னவென்றால், முகத்துவாரம் உடையும் நாளில்தான் மேகம் படத்தை மறைத்துவிடும். அன்றைக்கு நேரில் போய்ப் பார்த்துத் தேதியைக் குறிக்க ஓர் ஆள் வேண்டும். அது பெங்களூரில் உட்கார்ந்திருப்பவரால் ஆகாது.

கடற்கரைச் சரிவை அளக்கக் கருவி வேண்டுமா? ஒரே உயரமுள்ள இரண்டு கம்பு, ஒரு கயிறு போதும். எமரி என்பவர் 1961-இல் சொன்ன முறை. ஒருவர் கடல் பக்கம் ஒரு கம்பை நிறுத்த வேண்டும். இன்னொருவர் கரைப் பக்கக் கம்புக்குப் பின்னால் நின்று, அந்தக் கம்பின் உச்சியையும் தொடுவானத்தையும் ஒரே கோட்டில் பார்க்க வேண்டும். அந்தக் கோடு தன் கம்பில் உச்சிக்கு எவ்வளவு கீழே வெட்டுகிறதோ, அதுதான் இறக்கம். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரு வருடம் அளந்தால் மணல் எப்போது சேர்கிறது, எப்போது போகிறது என்று தெரிந்துவிடும்.

இவையெல்லாம் பிறகு செய்தாலும் செய்யலாம். காத்திருக்க முடியாத வேலை ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமித் தண்ணீர் நம் தெருக்களில் எதுவரை வந்தது? எந்த வீட்டில் ஜன்னல் மட்டம், எந்தப் படிக்கட்டில் எத்தனையாவது படி? கண்ணால் பார்த்தவர்களில் பலர் ஓய்வுபெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து போய்விட்டார்கள். சுவரில் இருந்த கறை வெள்ளையடித்ததில் மறைந்துவிட்டது. இன்று கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். விஞ்ஞானிகள் அப்போது அளந்தது உண்டு. வீட்டுக்கு வீடு மனிதர்கள் சொல்லும் கணக்கு வேறு. புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், மீனவக் குப்பங்கள், நகரியம் நான்கிலும் கேட்டு, ஒவ்வொரு அடையாளத்தையும் வரைபடத்தில் வைத்தால் அது யாரும் மறுக்க முடியாத ஆராய்ச்சி. நாளைக்கு ஓர் எச்சரிக்கை வந்தால் எந்தத் தெரு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதற்கும் அதுதான் ஆதாரம்.

செய்முறையில் சில விஷயம். ஒரே இடத்தைப் பற்றி இரண்டு பேரிடமாவது தனித்தனியாகக் கேளுங்கள். கைப்பேசி ஜி.பி.எஸ். காட்டும் உயரத்தை நம்பாதீர்கள். பல மீட்டர் தப்பு வரும். ஆட்டோ லெவல் வைத்துத்தான் உயரம் எடுக்க வேண்டும். உயிரிழப்பு நடந்த வீட்டுக்குப் பேனாவும் தாளுமாகப் போய் நிற்கக் கூடாது. தெரிந்த பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும், அவர்கள் பேச விரும்பாவிட்டால் வணங்கிவிட்டு வந்துவிடுங்கள். இன்னொன்று, இது அணுமின் நிலைய ஊர். ட்ரோன் என்ற பேச்சே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட வளாகத்தின் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். கல்லூரிக் கடிதத்தோடு காவல் நிலையத்தில் முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். முகத்துவாரத்தில் தனியாக இறங்கவே கூடாது.

இனி மற்றவர்களிடம் கேட்க வந்தது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிவில் இன்ஜினியர்கள் இருக்கிறீர்கள். லெவல் பிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுங்கள். 2004-இல் இங்கே இருந்தவர்கள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஊரை விட்டுப் போன நண்பர்களின் எண்ணையும் அவர்களிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சங்கத்திடம் கேட்பது இரண்டு: பேருந்துக் கட்டணம், வேலை முடிந்ததும் என்ன செய்தார்கள், எத்தனை இடம் அளந்தார்கள் என்று விவரமாக எழுதிய ஒரு கடிதம். “நன்றாகப் பணியாற்றினார்” என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் எங்கும் செல்லாது. எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாலும் அந்த விவரக் கடிதத்தையும் வரைபடத்தையும் சேர்த்து அனுப்பட்டும்.

இந்த வருடம் முதலில் நம் கட்டடத்தையும் சுற்றியுள்ள நான்கு தெருக்களையும் எடுத்துக்கொள்ளலாம். விருப்பமுள்ள மாணவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். முதல் நாள் நான் இரண்டு கம்போடு கடற்கரைக்கு வந்துவிடுகிறேன். கயிறு மட்டும் யாராவது கொண்டுவாருங்கள்.