தொடக்கப்பள்ளியில் தமிழிசை: பாடத் துணியும் ஆசிரியர் எங்கே?



தமிழிசைக்கு மன்றம் உண்டு, விழா உண்டு, நூலும் உண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917 இலும், விபுலானந்த அடிகளின் யாழ்நூல் 1947 இலும் வெளிவந்தன. இடையே 1943 இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. இத்துணையும் இருந்தும், ஐந்து அகவைக் குழந்தை பள்ளிக்குள் கால் வைத்ததும் அதன் செவியில் விழுவது என்ன? திரைமெட்டு, அன்றேல் கைப்பேசி ஒலிக்கும் ஆங்கில மழலைப்பாட்டு. இதற்காக ஆசிரியரை வைதல் எளிது. யான் வையப் போவதில்லை. அவருக்குப் பாடக் கற்பித்தது யார்?

2009 ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தைப் பாருங்கள். கலைக்கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அதன் அட்டவணை கூறுவது ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கே; அதுவும் பிள்ளைகள் நூற்றுக்கு மேற்பட்டிருந்தால்தான். குரல் உடையும் பருவத்திற்கு ஆள் உண்டாம். செவி இளகியிருக்கும் பருவத்திற்கு இல்லையாம்! ஐந்தாம் வகுப்பு வரை எல்லாச் சுமையும் வகுப்பாசிரியர் தலைமேல்.

அவ் வகுப்பாசிரியரோ பாட்டைக் கொண்டு பாடம் நடத்த அறிந்தவர். 2022 இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பாட்டுக்கு இடம் உண்டு. ஆனால் அங்குப் பாட்டு எண்ணுக்கும் எழுத்துக்கும் ஏவலாள். பாட்டையே பாடமாக நடத்துக என்றால், "எனக்குக் குரல் இல்லை, ஐயா" என்று ஒதுங்குகிறார். பயிற்சி முடித்துவரும் இளைஞர் பலரிடம் இவ் விடையை யான் கேட்டிருக்கிறேன். மேடையில் வல்லார் பாடுவதே இசை என்று நாம் அவரை நம்பவைத்துவிட்டோம். தாலாட்டுப் பாடிய தாயை எவரேனும் குரலாய்வு செய்தாரா?

தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு வேண்டுவன மிகச் சில. எடுத்த குரலில் நிலைத்து நிற்றல், கைத்தாளம் பிசகாமை, பிள்ளை வழுவினால் செவியால் உணர்ந்து திருத்துதல், இருபது பாட்டுகளேனும் ஏட்டைப் பாராது பாடுதல். ஆலாபனை அவருக்கு எதற்கு?

கற்பிக்கும் வழியையும் நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு கன்னியரை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயரிடுகிறாள். ஏழிசையும் ஏழு பெண்களாய் நிற்கின்றன! இதனினும் சிறந்த பாடக்கருவி உண்டா? ஏழு குழந்தைகளை நிறுத்துங்கள். ஒவ்வொருவர்க்கும் ஓர் இசை கொடுங்கள். தொட்ட பிள்ளை தன் இசையை ஒலிக்கட்டும். முதலில் ஐந்து போதும். இன்று மோகனம் என வழங்கும் ஐந்திசைப் பண்ணே பழைய முல்லைப்பண் என்பர் அறிஞர் பலர். குழந்தைக் குரலுக்கு அது எளிதாய் அமைவதை வகுப்பிலேயே காணலாம்.

இதற்கு ஆசிரியரை யார் அணியப்படுத்துவது? மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் தேவாரமும் குரலிசையும் பயின்று வெளிவருவோர் பலர் வேலையின்றி இருக்கின்றனர். ஆசிரியப் பயிற்சி நிறுவனந்தோறும் அவருள் ஒருவரை அமர்த்தி, ஈராண்டுப் பயிற்சியில் கிழமைக்கு இரண்டு பாடவேளை தரட்டும். பண்ணை அவரிடம் கற்கலாம். பாட்டு மட்டும் எல்லாச் சமயப் பிள்ளைகளுக்கும் பொதுவாக, தாலாட்டு, கும்மி, நடவுப்பாட்டு என அவ்வவ்வூரிலிருந்தே வரட்டும். பயிற்சி முடிவில் எழுத்துத் தேர்வு வேண்டா. பத்துப் பிள்ளைகளைப் பாடவைத்துக் காட்டட்டும்.

பணியிலிருப்போர் அரசாணைக்குக் காத்திருத்தல் வேண்டுமா? இக் கூட்டத்திலேயே கும்மி அறிந்த அம்மையார் பலர் அமர்ந்திருக்கின்றனர். உணவு இடைவேளைக்குப் பின் அவர்கள் பாட, நாம் கைகொட்டிப் பின்பாடுவோம், வாருங்கள்.