மூணு ஆலிஸ், ஒரு ஆச்சி

போன வாரம் எபிசோட் வரல, மன்னிச்சிருங்க. ஏன் வரலன்னு கடைசியில சொல்றேன். முதல்ல புத்தகம்.

என் மேசையில இப்ப மூணு புத்தகம் இருக்கு. ஒண்ணு வாழ்க்கை வரலாறு, ஒண்ணு நாவல், இன்னொண்ணு ரெண்டுலயும் சேராத ஒரு போக்கிரி. மூணுலயும் நாயகி பேரு ஆலிஸ். திட்டம் போட்டு எடுக்கல, படிச்சுட்டு அடுக்கி வைக்கும்போதுதான் கவனிச்சேன்.

முதல் புத்தகம், ஆன் கிளார்க் 1981-ல் எழுதின 'தி ரியல் ஆலிஸ்'. 'ஆலிஸின் அற்புத உலகம்' கதை நமக்கெல்லாம் தெரியும். ஆனா ஆலிஸ்னு உண்மையிலேயே ஒரு பொண்ணு இருந்தா. ஆலிஸ் லிடல். 1862 ஜூலை 4-ம் தேதி ஆக்ஸ்ஃபோர்ட்ல ஒரு படகுச் சவாரி. துடுப்பு போட்டவங்கள்ல ஒருத்தர் கணக்கு வாத்தியார் சார்ல்ஸ் டாட்ஜ்சன், அதாவது லூயிஸ் கரோல். படகுல இருந்த மூணு சகோதரிகளுக்கும் அவர் கதை சொன்னார். நடுவுல உள்ளவ ஆலிஸ், பத்து வயசு. அந்தக் கதையை எழுதிக் குடுங்கன்னு அவ கேட்டா, அவரும் தன் கையாலேயே எழுதி, படமும் வரைஞ்சு குடுத்தார். 1865-ல் அச்சுப் புத்தகம் வந்தது. அதுல ஜான் டெனியல் வரைஞ்ச ஆலிஸுக்கு நீளமான முடி. நிஜ ஆலிஸுக்கோ கருப்பு முடி, குட்டையா வெட்டினது. அதாவது புத்தகம் வெளிவந்த நாள்லயே பேரு மட்டும்தான் அவளோடது, முகம் வேற யாரோடதோ.

இங்கதான் எனக்குப் புத்தகத்தைக் கீழ வைக்க முடியல. அந்தப் பொண்ணு வளர்றா, கல்யாணம் ஆகுது, மூணு பசங்க. முதல் உலகப் போர்ல ரெண்டு பேர் செத்துப்போறாங்க. 1926-ல் கணவரும் போயிடுறார். பெரிய வீடு, செலவைச் சமாளிக்க முடியல. 1928-ல் அந்தக் கையெழுத்துப் பிரதியை ஏலத்துல வித்துடுறாங்க. 15,400 பவுண்டு. சின்ன வயசுல தனக்குன்னு கேட்டு வாங்கின கதை, எழுபத்தஞ்சு வயசுல வீட்டைக் காப்பாத்துது. 1932-ல் கரோல் நூற்றாண்டுக்காக நியூயார்க் போறாங்க. எண்பது வயசு. போற இடமெல்லாம் அற்புத உலகத்து ஆலிஸைப் பார்க்கக் கூட்டம். இந்த ஆலிஸா இருந்து இருந்து சலிச்சுப்போச்சுன்னு மகனுக்குக் கடிதம் எழுதுறாங்க. எழுதாம என்ன பண்ணுவாங்க? எழுபது வருசமா எல்லாரும் இவங்க முகத்துல ஒரு பத்து வயசுப் பொண்ணைத் தேடிட்டு இருந்தா!

ரெண்டாவது, அந்தப் போக்கிரிப் புத்தகம். 'தி ஆட்டோபயோகிராஃபி ஆஃப் ஆலிஸ் பி. டோக்லஸ்', 1933. பேருதான் சுயசரிதை. எழுதினது ஆலிஸ் இல்ல, அவங்க கூடவே பாரிஸ்ல வாழ்ந்த கெர்ட்ரூட் ஸ்டைன். ஆலிஸ் குரல்ல 'நான், நான்'னு எழுதி, அந்த 'நான்' வாயாலயே தன்னை மேதைன்னு சொல்ல வெச்சுக்கிட்டாங்க. துணிச்சலைப் பாருங்க! பிக்காசோ, மத்தீஸ் எல்லாரும் வந்துபோற வீடு, செம சுவாரசியமான வம்புப் பேச்சு. அதுவரைக்கும் ஸ்டைன் எழுதினதைப் படிச்சவங்க கொஞ்சம் பேர்தான், இது நல்லா வித்தது. ஸ்டைனோட கையெழுத்தை எல்லாம் உக்காந்து தட்டச்சு பண்ணினது ஆலிஸ். 1946-ல் ஸ்டைன் இறந்த பிறகுதான் ஆலிஸ் தன் பேர்ல எழுத ஆரம்பிக்கிறாங்க. முதல்ல ஒரு சமையல் புத்தகம், 1963-ல் ஒரு நினைவுக் குறிப்பு. எனக்கு அந்தச் சமையல் புத்தகம்தான் உசத்தி. மத்தவங்க பேசினதை எல்லாம் மனசுல வெச்சுட்டு இருந்த ஒருத்தங்க அடுப்படியில நின்னு வாய் திறக்குற மாதிரி இருக்கும்.

மூணாவது நாவல். 'ஸ்டில் ஆலிஸ்'. எழுதினவங்க லிசா ஜெனோவா, நரம்பியல் படிச்சவங்க. அவங்க பாட்டிக்கு அல்சைமர்ஸ் வந்ததுதான் விதை. 2007-ல் சொந்தமா அச்சுப் போட்டாங்க, பிறகு பெரிய பதிப்பகம் எடுத்துக்கிச்சு. படம் பார்த்திருப்பீங்க, ஜூலியன் மூர் ஆஸ்கர் வாங்கினாங்க. ஹார்வர்ட் பேராசிரியை ஆலிஸ், ஐம்பது வயசுல மறதி நோய். தன் போன்லயே தனக்குத் தினமும் கேள்வி வெச்சுக்கிறாங்க. இது என்ன மாசம், எங்க குடியிருக்க, எத்தனை பிள்ளைங்க. பதில் மெல்ல மெல்லச் சுருங்கிட்டே வரும். படத்தை விட நாவல் ஒரு படி மேலன்னு சொல்வேன். ஏன்னா நாவல்ல நாம ஆலிஸ் தலைக்குள்ள இருக்கோம், அவங்க தொலைக்கிறது நமக்கும் தொலையுது.

சரி, போன வாரக் கதை.

பேரைத் தாங்குறதால பெயரன், பேச்சுல பேரன். பொண்ணுன்னா பேத்தி. எனக்கு வெச்சது அப்பாவைப் பெத்த ஆச்சியோட பேரு. ஆனா வீட்டுல யாரும் அந்தப் பேர்ல கூப்பிட்டதில்ல. மாமியார் பேரை அம்மா எப்படி வாய்விட்டுச் சொல்வாங்க? அந்தப் பேரைச் சொல்லி எப்படித் திட்டுவாங்க? அதனால நான் பாப்பா. பள்ளிக்கூடத்துல வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் நான் ஆச்சி.

இப்ப ஆச்சிக்கு எண்பத்து மூணு. ஒரு வருசமா ஒண்ணொண்ணா விட்டுப்போகுது. போன வாரம் ஊருக்குப் போய் நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். காத்திருக்கும்போது போன்ல கரோலோட ரெண்டாவது ஆலிஸ் புத்தகத்தைப் புரட்டிட்டு இருந்தேன், 1871-ல் வந்தது. அதுல ஒரு காடு வரும். உள்ள போனா எதுக்கும் பேரு நினைவுல நிக்காது. ஆலிஸுக்கே தன் பேரு மறந்துடும். ஒரு மான்குட்டி வரும், அதுக்கும் தான் மான்னு தெரியாது. ஆலிஸ் அது கழுத்தைக் கட்டிக்கிட்டு நடப்பா. காட்டைத் தாண்டின நொடியில தான் மான், இவ மனுஷக் குழந்தைன்னு நினைவு வந்து, அது பயந்து ஓடிடும். சின்ன வயசுல படிச்சப்ப வேடிக்கையா இருந்த இடம் இது.

அப்ப நர்ஸ் வெளிய வந்து பேரைக் கூப்பிட்டாங்க. ஆச்சி பேரு. ஆச்சி அசையல. சுவத்துல இருந்த காலண்டரையே பார்த்துட்டு இருந்தாங்க. திரும்பவும் கூப்பிட்டாங்க. பள்ளிக்கூடப் பழக்கம், நான் எழுந்து நின்னுட்டேன்.

ஆச்சி என்னை நிமிர்ந்து பார்த்துட்டு, முதுகுல லேசாத் தட்டி, "உன்னயத்தான் கூப்பிடுதாவ, போ. பயப்படாத, நான் இங்ஙனதான் இருக்கேன்"னு சொன்னாங்க.

கையைப் பிடிச்சு ரெண்டு பேருமா உள்ள போனோம்.

உங்க பேரு யாரோட பேருன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.