அந்த 324 பேர்



வட இங்கிலாந்தில் கம்பளி ஆலைகளால் வளர்ந்த நகரம் பிராட்ஃபோர்டு. அங்கே தொழிலாளர் குடும்பங்கள் தங்கள் சொந்தமாகக் கொண்டாடும் விளையாட்டு ரக்பி லீக்; அணிக்குப் பதின்மூன்று பேர். அந்நகரின் ஆட்ஸல் மைதானத்தில் 1954-இல் வேறு இரு அணிகள் மோதிய இறுதி ஆட்டத்தைக் காண 1,02,569 பேர் கூடினார்கள். 1963 நவம்பரில் அதே மைதானத்தில் ஊரின் சொந்த அணியான பிராட்ஃபோர்டு நார்தர்ன் ஆடியபோது வந்தவர்கள் 324 பேர். அடுத்த மாதமே, பணமில்லாமல் கழகம் மூடப்பட்டது.

மூடிய பிறகுதான் ஊர் விழித்தது. முன்னாள் வீரர்கள் ட்ரெவர் ஃபாஸ்டரும் ஜோ பிலிப்ஸும் முன்னின்று உழைக்க, 1964 ஏப்ரலில் ஊர்க் கூட்டத்தில் ஏறத்தாழ 1,500 பேர் திரண்டார்கள். பணம் தருவதாக வாக்களித்தார்கள். அவ்வாண்டே அணி மீண்டும் களமிறங்கியது. நல்லதுதான். ஆனால் நவம்பரில் இவர்களெல்லாம் எங்கே இருந்தார்கள்? குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. எப்போதும் இருக்கும் என்று நம்புகிற எதையும் நாமும் எட்டிப் பார்ப்பதில்லையே!

அதே கழகம் பிற்பாடு பிராட்ஃபோர்டு புல்ஸ் ஆனது. 2012-இல் மறுபடியும் நெருக்கடி. பத்து லட்சம் பவுண்டு தேவை. அதில் பாதி, ஏப்ரல் 6-ஆம் தேதி பெரிய வெள்ளிக்குள் வேண்டும். ஆளுக்கு 100 பவுண்டு என்று ரசிகர்கள் கொடுத்தார்கள். களத்தில் பரம எதிரிகளான பிற அணிகளின் ரசிகர்களும் கொடுத்தார்கள். ஐந்து லட்சம் சேர்ந்தது. ஆயினும் ஜூன் மாதமே கழகம் திவால் நிலைக்குப் போய்விட்டது.

கொடுத்தவர்கள் ஏமாளிகளா? மக்களிடம் கை நீட்டுகிறவர் கணக்கையும் நீட்ட வேண்டும். ஆலயக் கட்டட நிதி கேட்கும் நம்மையும் சேர்த்தே சொல்கிறோம். ஆனால் கொடுத்தவரின் மனம் வேறு கணக்கு. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணை ஆண்டவர் பாராட்டினார். அந்த ஆலயமே இடிந்துபோகும் என்று அவர் சொல்வதை மாற்கு நற்செய்தியின் அடுத்த அதிகாரத்திலேயே வாசிக்கிறோம். அது தெரிந்தும்தான் பாராட்டினார்.

2017 ஜனவரியில் கழகம் கலைக்கப்பட்டது. புதிதாக அமைந்த கழகம் இரண்டாம் நிலைப் போட்டியில், 12 புள்ளிகள் கழிக்கப்பட்ட நிலையில் ஆட்டத்தைத் தொடங்கியது. ஆட்ஸலின் படிகளில் அப்போதும் ரசிகர்கள் வந்து நின்றார்கள்.