சராசரிக்கு அப்பால்



பத்து வீடுகள் கொண்ட ஓர் ஊரை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு வீட்டாருக்கு ஒரு வேலி, அதாவது 20 மா நிலம். ஏனைய ஒன்பது வீட்டாருக்கு ஒரு குழியும் இல்லை. சராசரி காணின் வீட்டுக்கு 2 மா! கணக்கில் பிழையில்லை, ஆயினும் 2 மா உடையவர் அவ்வூரில் எவருமிலர். இடைநிலை அளவோ சுழியம். சராசரியைக் கற்பிக்கும் அன்றே இக்கணக்கையும் கற்பிக்க வேண்டும் என்பது என் துணிபு.

ஒரு வகுப்பில் ஐவர் மதிப்பெண் 48, 49, 50, 51, 52. மற்றொன்றில் 10, 30, 50, 70, 90. இரண்டிற்கும் சராசரி 50. வீச்சோ முன்னதில் 4, பின்னதில் 80. சராசரியிலிருந்து விலகும் அளவுகளைக் கூட்டினால் போதாதா என்று பிள்ளைகள் வினவுவர். கூட்டச் சொல்லுங்கள், குறையும் மிகையும் ஒன்றையொன்று அழித்துச் சுழியமே வரும். வர்க்கம் காண்பதன் காரணம் அப்போது தானே விளங்கும். அவ்வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம் கண்டால் திட்டவிலக்கம் முறையே 1.4, 28.3. சூத்திரத்தை முதலில் மனப்பாடம் செய்விப்பது வீண் வேலை.

2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு 73 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே 66. அதனுள்ளும் ஆடவர் 75, பெண்டிர் 56.5. முதல் எண்ணோடு நிற்பவர்க்கு நம் வீட்டுப் பெண்கள் புலப்படார்.

மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களே, தேர்வின் சராசரியைக் குறிக்கும்போது அருகே வீச்சையும் குறியுங்கள். 10 பெற்ற பிள்ளை எவரென வகுப்பறிய வேண்டியதில்லை. நீங்கள் அறிந்தால் போதும்.