பாலத்துக்குக் கீழே ஓடும் ஆறு



பிள்ளைகளே, காவிரி எங்கே பிறக்கிறது என்று கேட்டால், குடகு மலையில் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். மகிழ்ச்சி. நம் கோத்தா திங்கியில் பாலத்துக்குக் கீழே ஓடுகிறதே ஜொகூர் ஆறு, அது எங்கே பிறக்கிறது? அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

குளுவாங் பக்கம் பெலுமுட் மலை இருக்கிறது. உயரம் 1,010 மீட்டர். அதன் காட்டுச் சரிவுகளில் பெய்யும் மழை இலையில் விழுந்து, வேரில் இறங்கி, மண்ணுக்குள் ஊறி, மெல்லக் கசிந்து ஓடையாகிறது. வடக்கே கெமுரு குன்றிலிருந்தும் நீர் இறங்குகிறது. லிங்கியு ஆறும் சாயோங் ஆறும் ஒன்றுகூடிய பிறகுதான் அதற்கு ஜொகூர் ஆறு என்று பெயர். நீளம் ஏறத்தாழ 122 கிலோமீட்டர். காவிரியோ 800 கிலோமீட்டர் ஓடுகிறது. அளவில் நம் ஆறு சின்னது. அது சுமக்கும் பாரம் சின்னதல்ல.

லொம்போங் நீர்வீழ்ச்சிக்குப் போகாத பிள்ளை இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். முந்தாஹாக் மலையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் உயரத்தில் விழும் அந்த நீரில், அடியில் கிடக்கும் கல் வரை தெரியும். அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, ஊருக்குள் ஓடும் ஆற்றைப் பாருங்கள். பழுப்பு நிறம், நிதானமான நடை. ஏன் இப்படி? மேட்டிலிருந்து சைக்கிளில் இறங்கும்போது மிதிக்காமலே பறக்கிறீர்கள், சமதரைக்கு வந்ததும் வேகம் குறைந்துவிடுகிறது அல்லவா? ஆறும் அப்படித்தான். சரிவில் கல்லையே உருட்டிக்கொண்டு வரும் நீர், தாழ்ந்த நிலத்துக்கு வந்ததும் வண்டலைக் கூடத் தூக்க முடியாமல் வழியெல்லாம் இறக்கிவைக்கிறது, வளைந்து வளைந்து போகிறது. மேலே காட்டை அழித்து மண்ணைத் திறந்துபோட்டால், அந்த மண்ணும் இங்கேதான் வந்து சேரும்.

நம் ஆற்றில் இன்னொரு அதிசயம் உண்டு. கடல் இதற்குள் ஏறி வரும். கடற்பெருக்கு நேரத்தில் உப்புநீர் ஆற்றை எதிர்த்து மேலே தள்ளும். மழை குறைந்த காலத்தில் அது இன்னும் தூரம் ஏறும். லிங்கியு ஆற்றில் கட்டிய அணை உதவிக்கு வருவது அப்போதுதான். அங்கே தேக்கிய நன்னீரைத் திறந்துவிட்டு உப்பைக் கீழே தள்ளுகிறார்கள். 1962 தண்ணீர் ஒப்பந்தப்படி சிங்கப்பூர் இந்த ஆற்றிலிருந்து நாளுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம், 2061 வரை. ஜொகூர் மக்களின் குழாய்க்கும் இதே ஆறுதான். 2016 அக்டோபரில் லிங்கியு அணையின் கொள்ளளவில் சுமார் 20 விழுக்காடு நீரே மிச்சமிருந்தது. அந்தச் செய்தி எனக்குப் பெரும் கலக்கத்தைத் தந்தது.

பழைய ஜொகூர் அரசர்களும் இந்தக் கரையை நம்பித்தான் வாழ்ந்தார்கள். 1587இல் போர்த்துகீசியர் அவர்களின் தலைநகரான ஜொகூர் லாமாவை அழித்தபோது, அரசவை ஆற்றின் மேற்புறம் நகர்ந்து பத்து சாவாரில் அமைந்தது. கம்போங் மக்காமில் சுல்தான் மாமுட்டின் கல்லறை இருக்கிறது. அவர் கொல்லப்பட்டது 1699இல். வரலாற்றுப் பாடம் நம் வாசலிலேயே இருக்கிறது, பிள்ளைகளே!



இனி வெள்ளம். 2006 டிசம்பரில் விடாமழை. மேலிருந்து இறங்கும் நீர் ஒருபுறம், கீழிருந்து தள்ளும் கடல் மறுபுறம். நடுவில் நம் ஊர். ஆற்றுநீர் வடிய வழியின்றிக் கடைத்தெருவில் ஏறியது. வீட்டைக் கழுவி முடிக்கும் முன்னே, 2007 ஜனவரியில் மறுபடியும் வந்தது, முன்னதைவிட உயரமாக.

பெற்றோர்களே, அப்போது இந்தப் பிள்ளைகள் பிறக்கவே இல்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவர்களைச் சுவரோரம் நிறுத்துங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்று கை வைத்துக் காட்டுங்கள். அது அவர்கள் தலைக்கு மேலா, கீழா என்று அவர்களே அளந்து பார்க்கட்டும். பாலத்துக்குக் கீழே ஓடும் ஆற்றைப் பற்றி அதன் பிறகு அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, ஆசிரியர்களே, நீங்களும் நானும் பதில் சொல்ல ஆயத்தமாக இருப்போம்.